கயிறு தொட்டவள் பங்கு

புதுப்பட்டினம் பஸ் நிலையத்தில் இறங்கியபோது சுஜாதாவின் இரண்டு கையிலும் இரண்டு பைகள், மனசுக்குள் ஒரு பேச்சு. பைகள் கனத்தன. பேச்சு அதைவிடக் கனத்தது. மதுராந்தகத்தில் ஏறி, திருக்கழுக்குன்றத்தில் மாறி, இங்கே வந்து சேருவதற்குள் அந்தப் பேச்சை முப்பது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பாள். “அண்ணா, நடந்தது நடந்துபோச்சு” என்று ஆரம்பிக்கும். அதற்கு மேல் என்ன சொல்வது என்பது ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாறிக்கொண்டே வந்தது.

“எங்கக்கா போவணும்?” என்று ஒரு ஆட்டோக்காரர் பையைப் பிடுங்காத குறையாக வந்து நின்றார். காக்கிச் சட்டைப் பையில் மோசஸ் என்று சிவப்பு நூலால் தைத்திருந்தது.

“தோணிக்குப்பம்.”

“அங்க யாரு வூடு?”

“ஜெகதீசன்னு...”

“மேக்கத்தி ஜெகதீசன் அண்ணாத்தயா? ஏறுக்கா. கண்ண மூடிகினு கொண்டாந்து உட்டுர்றேன்.”

கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறாரோ என்று இரண்டாவது திருப்பத்திலேயே சுஜாதாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் நினைப்பு அந்தப் பெயரிலேயே நின்றது. கடற்கரைக்காரர்களுக்கு, மேற்கே வயல் பக்கத்திலிருந்து வந்தவன் எவனும் மேக்கத்திதான். அண்ணன் இங்கே வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இங்கேயே கல்யாணம், இங்கேயே வீடு, இங்கேயே தொழில். ஆனாலும் மேக்கத்தி. பிறந்த ஊரிலோ அவர் பெயரையே யாரும் வாயால் சொல்வதில்லை.

“நீ அவருக்கு இன்னா ஒறவுக்கா?” என்றார் மோசஸ்.

“தங்கச்சி.”

வண்டி லேசாக ஆடியது. “கூடப் பொறந்த தங்கச்சியா?”

“ஆமா.”

அதற்குப் பிறகு மோசஸ் அரைக் கிலோமீட்டர் தூரம் பேசவில்லை. அந்த வாய்க்கு அது பெரிய விரதம்தான். பிறகு தாங்க முடியாமல் ஆரம்பித்தார்.

“இன்னிக்குக் கரைவலை போட்டுகினு கீறாங்க. அண்ணாத்த கடலாண்டதான் இருப்பாரு. நீ போனா ஓரமா நின்னு பாரு. கயித்தை மட்டும் தொட்டுடாத. தொட்டா பங்கு வாங்கிகினுதான் வரணும், அது ஊரு வழக்கம். கலெக்டரே கை வச்சாலும் பங்கு உண்டு. போன வருசம் ஒரு பேங்க் ஆபீசரு ஜாலியா ரெண்டு இழுப்பு இழுத்தாரு. மீனக் குடுத்தா, ‘சேச்சே, எனக்கெதுக்குப்பா’ன்னுட்டாரு. பெரிய மனுசத்தனமாம். அவ்ளோதான். உன் சங்காத்தமே எனக்கு வேணாம்னு சொன்ன மாதிரி அது. அத்தோட ஒருத்தன் அவராண்ட பேசலியே. பாவம், மாத்தல் வாங்கிகினு போயிட்டாரு.”

சுஜாதா அரைக் காதால்தான் கேட்டாள். மீதி ஒன்றரைக் காதும் தன் பேச்சிலேயே இருந்தது.

ஜெகதீசன் அந்த நாளில் ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கடற்கரைக் குப்பங்களுக்கு ஐஸ் கட்டி கொண்டுபோய் இறக்குகிற வேலை. இறக்குகிற இடத்தில் முனியம்மாவைப் பார்த்தார். எத்தனை நாள் பார்த்தாரோ, எவ்வளவு ஐஸ் உருகியதோ, ஒரு நாள் மாலையும் கழுத்துமாக இருவரும் வந்து வாசலில் நின்றார்கள். அப்பா ஒரு குடம் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு, “எனக்கு ஒரே பொண்ணுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஏரித் தண்ணீரை நம்பி மூன்று ஏக்கர் வைத்திருந்த மனுஷனுக்கு முப்பது ஏக்கருக்கான ரோஷம்.

அது அப்பா செய்தது. சுஜாதா செய்தது வேறு.

அவளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. வீடு நிறையப் பெண்கள், கை நிறைய வளையல், கன்னமெல்லாம் சந்தனம். அந்த நேரத்தில் முனியம்மா வாசலில் வந்து நின்றாள். தலையில் பெரிய அன்னக்கூடை. அதில் வஞ்சிர மீன். ஐஸ் உருகி நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற அண்ணன், “பாப்பாவுக்கு எங்க பங்கு” என்றார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் சுஜாதாவின் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா உள்ளே இருந்தார், வெளியே வரவே இல்லை. சுஜாதாதான் சொன்னாள்: “வாடை வயித்தப் பொரட்டுது. எடுத்துகினு போயிடுங்க.”

உண்மையிலேயே வயிற்றைப் புரட்டியதா, இல்லை ஊர்ப் பெண்களுக்கு முன்னால் கௌரவம் காட்டினாளா? இன்றைக்குவரை அவளுக்கே தெரியாது. முனியம்மா இறக்காத கூடையோடு அப்படியே திரும்பி நடந்தாள்.

அதற்கப்புறம் சுனாமி வந்த வருஷம் அப்பா யாரோ ஒருவரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். “உயிரோட இருக்காங்க” என்று செய்தி வந்தது. அப்பா தலையை ஆட்டிவிட்டு வயலுக்குப் போனார். சுஜாதா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுதாளே தவிர, கிளம்பிப் போய் ஒரு தடவை பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வரும்.

அன்றைக்கு வயிற்றிலிருந்த பிள்ளைதான் இப்போது இருபத்துமூன்று வயதுத் தமிழ்ச்செல்வி. நர்ஸ் படிப்பு முடித்து, புதுப்பட்டினத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறி ஒருவர் வந்தாராம். கட்டுப் போடும்போது, எந்த ஊரும்மா, யார் வீட்டுப் பெண்ணும்மா என்று கேட்டாராம். முள்ளைப் பிடுங்கும்போது அழாத ஆள், இவள் பதில் சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதாராம். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் மாமன் வீட்டுக்குப் போக்குவரத்து. இப்போது அவளுக்குப் பங்குனியில் கல்யாணம் நிச்சயமானதும் குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

“மாமா கையப் புடிச்சிகினுதான் மணவறைக்கு வருவேன். அவரு வரலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்.”

“நீயே போய்க் கூப்புடேன்டி. நீதான் அந்த வூட்டுச் செல்லமாச்சே.”

“கூப்ட்டேன். உங்கம்மா வந்து கூப்புடட்டும்னாரு.”

கணவர் ராகவன் நல்ல மனுஷர், தானும் வருகிறேன் என்றார். சுஜாதா வேண்டாம் என்றாள். “என் வாயால கெட்டது. நானே போறேன்.” நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினாள். ஒரு பையில் தை அறுவடையில் வந்த புது அரிசி பத்துக் கிலோ. இன்னொன்றில் எவர்சில்வர் தாம்பாளம், வெற்றிலைப் பாக்கு, பழம், அண்ணிக்கு ஒரு புடவை, கல்யாணப் பத்திரிகை.

தோணிக்குப்பத்தில் ஒரு காலத்தில் கப்பல் வந்து துணி மூட்டை ஏற்றிக்கொண்டு போனதாம். அந்தப் பெருமைக்கு ஒரு செங்கல் சுவர்தான் மிச்சம். அதன் மேல் வலை காய்ந்துகொண்டிருந்தது. மற்றபடி வரிசையாக மாடி வீடுகள், ஒரு அம்மன் கோயில், ஒரு டீக்கடை, மணலில் ஏற்றிவைத்த நீலமும் மஞ்சளுமான ஃபைபர் படகுகள். வடக்கே அணுமின் நிலையத்தின் உருண்டைக் கூரைகள் தெரிந்தன. மோசஸ் அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். கதவு பூட்டியிருந்தது.

“எல்லாரும் கடலாண்ட கீறாங்க” என்று டீக்கடைக்கார சீனு கடைக்கு வெளியே வந்து குரல் கொடுத்தார். “நெத்திலிக் கூட்டம் வந்துகீதாம். நானும் கடைய மூடிகினுதான் கெளம்பறேன். அரிசிப் பைய இங்க வச்சிட்டுப் போம்மா, யாரும் தொட மாட்டாங்க.”

அரிசியை அங்கே வைத்துவிட்டு, தாம்பாளத்தில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு, கட்டியிருந்த பட்டுப் புடவையோடு சுஜாதா மணலில் இறங்கினாள். பட்டுப் புடவைக்கும் கடற்கரை மணலுக்கும் ஒத்துவராது என்பது பத்தாவது அடியிலேயே புரிந்தது. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கரையில் ஊரே இருந்தது. கடலுக்குள் வட்டமாக வலையை விட்டு, அதன் இரண்டு முனையிலும் கட்டிய நீளக் கயிறுகளைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வடக்கே ஒரு கூட்டம், தெற்கே ஒரு கூட்டம். கடலைப் பார்த்தபடி கயிற்றைப் பிடித்து, பின்னால் பின்னால் நடந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள், கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். தெற்குக் கயிற்றின் நடுவில் அண்ணன் நின்றிருந்தார்.

தலை பாதி நரைத்துவிட்டது. தோள் மட்டும் அப்படியே இருந்தது, சின்ன வயதில் அவளை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடிய தோள். முப்பது தடவை சொல்லிப் பார்த்த பேச்சில் ஒரு சொல்கூட ஞாபகத்தில் இல்லை.

“அண்ணா...”

ஜெகதீசன் திரும்பிப் பார்த்தார். கண் அவளிடமும் கை கயிற்றிலுமாக இரண்டு அடி பின்னால் நடந்தார். கயிற்றை விட முடியாது. விட்டால் அந்தப் பக்கம் வலை கோணிக்கொள்ளும்.

“பாப்பா! நீயா வந்துகீற!”

“ஆமாண்ணா. செல்விக்குக் கல்யாணம். நீதான் வந்து...” தாம்பாளத்தை நீட்டினாள். அவர் இரண்டு கையிலும் கயிறு. அவர் ஒரு அடி பின்னால் வைத்தால் இவள் ஒரு அடி முன்னால் வைக்க வேண்டியிருந்தது. தாம்பாளத்தை நீட்டியபடியே சுஜாதா மணலில் அண்ணன் பின்னாலேயே நடந்தாள். கயிற்றில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இழுத்தார்கள். ஒரு கல்யாண அழைப்பு இப்படியா நடக்கும் என்று அவளுக்கே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“எனக்கு வரணும்னுதான் ஆசை” என்றார் அண்ணன். கண் கலங்கியிருந்தது, துடைக்கக் கை இல்லை. “செல்வி கேட்ட அன்னிக்கே நான் ரெடி. ஆனா என்னாண்ட கேட்டு இன்னா பண்றது? அன்னிக்குக் கூடை என் தலையிலயா இருந்துது?”

“அண்ணி எங்கண்ணா?”

அவர் முகவாயால் வடக்குக் கயிற்றைக் காட்டினார். “இது அவ நைனா வலை. இப்போ அவதான் எல்லாம். பங்கு பிரிக்கறதும் அவதான். அவ வாயால வரேன்னு சொன்னா நான் வரேன். அவள உட்டுட்டு நான் மட்டும் வந்து மால போட்டுக்க மாட்டேன், பாப்பா.”

அது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்ததால்தான் சுஜாதா வடக்குப் பக்கம் மெதுவாக நடந்தாள். அண்ணனிடம் அழுது கேட்டுவிடலாம். அழுதால் இளகுகிற ஆள். முனியம்மாவிடம் என்ன சொல்வது? இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவளிடம் பேசியதில்லை. மொத்தமே அந்த இரண்டு வாக்கியம்தான்.

முனியம்மா வடக்குக் கயிற்றின் முன் முனையில், முழங்கால் தண்ணீரில் நின்று, கையை ஆட்டி ஆட்டி இரண்டு பக்கத்துக்கும் வேகம் சொல்லிக்கொண்டிருந்தாள். புடவைக்கு மேல் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை. சுஜாதா வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“அண்ணி.”

முனியம்மா கயிற்றுக்காரர்களைப் பார்த்து இன்னொரு தடவை கையை ஆட்டினாள்.

“அண்ணி, நான் சுஜாதா...”

“தெரியிது.” குரலில் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. “வலை மடி வர்ற நேரம் இது. வலை கிழிஞ்சா ஊருக்கே சோறு கெடயாது. இப்போ நின்னு பேச எனக்கு நேரமில்ல.” பிறகு கயிற்றைப் பார்த்துச் சத்தம் போட்டாள். “இன்னா தூங்கறீங்களா? வடக்கால லோடு ஏறுது. இன்னும் நாலு கை வேணும்!”

சீனு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். அதற்கும் வலை அசையவில்லை. சுஜாதா கையிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள். நெஞ்சில் என்ன தோன்றியதோ, அதை ஒரு படகின் மேல் வைத்தாள், பட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள், சீனுவுக்கும் கண்ணாடிப் பெரியவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நின்று கயிற்றைப் பிடித்தாள்.

கயிறு ஈரமும் முரடுமாக உள்ளங்கையை அறுத்தது. ஆனால் சுஜாதாவின் கை நாற்று நட்ட கை, நெல் மூட்டை புரட்டிய கை. முதல் இழுப்பில் தடுமாறினாள். மூன்றாவது இழுப்பில் மற்றவர்களுடைய தாளம் அவளுக்குக் காலில் வந்துவிட்டது.

“புதுசா?” என்றார் மூச்சு வாங்கியபடி கண்ணாடிப் பெரியவர். “நான் சதாசிவம். பிளான்ட்ல இன்ஜினீயரா இருந்து ரிட்டயர் ஆயிட்டேன். வாக்கிங் வந்தேன், மூணு வருஷமா இழுத்துகிட்டிருக்கேன். டாக்டர் வாக்கிங்தான் போகச் சொன்னார். இதச் சொல்லலை.”

இரண்டு கயிறும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கின. வடக்குக் கூட்டமும் தெற்குக் கூட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இப்போது அண்ணன் பத்தடி தூரத்தில் இழுத்துக்கொண்டிருந்தார். தங்கை கயிற்றில் இருப்பதைப் பார்த்து அவர் இன்னும் ஓங்கி இழுத்தார். கடைசியில் மீன் சேர்கிற நடுப்பையான மடி கரையில் வந்து சரிந்தது. அவ்வளவும் நெத்திலி. நடுநடுவே காரப்பொடி மீனும் சங்கரா மீனும் துள்ளின. எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். சுஜாதாவும் கத்தினாள். கத்தின பிறகுதான் தான் எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்தது.

விற்பனைக்குப் போகிற மீன் கூடைகளில் ஏறியது. மிச்சத்தை முனியம்மா மணலில் விரித்த தார்ப்பாயில் கொட்டி, கயிறு தொட்டவர்களுக்குப் பங்கு வைத்தாள். ஒரு சின்ன முறத்தால் அள்ளி அள்ளி, ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று இல்லாமல், எதிரே வைத்துக்கொண்டே வந்தாள். சீனு துண்டை விரித்து வாங்கினார். சதாசிவம் கால்சட்டைப் பையிலிருந்து மடித்த பையை எடுத்து, பிரசாதம் வாங்குகிற பணிவோடு வாங்கிக்கொண்டார்.

முனியம்மா சுஜாதாவுக்கு முன்னால் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு முறம் நெத்திலியை அவள் காலடியில் வைத்தாள். “உன் பங்கு.”

இங்கேதான் சுஜாதா மறுபடியும் கெடுத்தாள். நல்ல வீட்டில் வளர்ந்தவர்களுக்கு வருகிற கேடு அது. மதுராந்தகம் பக்கம் அக்கம்பக்கத்து வயலில் ஒரு கை கொடுத்தால் கூலி வாங்க மாட்டார்கள். வாங்கினால்தான் அசிங்கம். வேண்டாம் என்பதுதான் மரியாதை. யோசிக்காமல் அந்த மரியாதை வாயில் வந்துவிட்டது.

“ஐயய்யோ, எனக்கு எதுக்கு அண்ணி? சும்மா ஒரு கை புடிச்சேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற, நாங்க மீன் தொட...”

பேச்சு பாதியில் நின்றது. துண்டை முடிந்துகொண்டிருந்த சீனு அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். முனியம்மா இப்போதுதான் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். வாசலில் கூடையோடு நின்று பார்த்த அதே பார்வை. மோசஸ் ஆட்டோவில் சொன்னதெல்லாம் அந்த நொடியில் சுஜாதாவுக்கு முழுசாகக் கேட்டது. உன் சங்காத்தமே எனக்கு வேணாம்னு சொன்ன மாதிரி அது.

அப்படியென்றால் அன்றைக்கு வளைகாப்பில் தான் திருப்பி அனுப்பியது மீனை இல்லை. பேங்க் ஆபீசர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தான் எங்கே போவது?

முனியம்மா முறத்தை எடுக்கக் குனிந்தாள்.

“எடுக்காத அண்ணி!” சுஜாதா கத்தியே விட்டாள். படகுக்கு ஓடினாள். தாம்பாளத்தில் இருந்த பழத்தையும் வெற்றிலையையும் படகுக்குள் சரித்தாள். அண்ணிக்கு வாங்கிய புடவையைத் தோளில் போட்டுக்கொண்டாள். மஞ்சள் குங்குமம் வைத்த தாம்பாளத்தைக் கொண்டுவந்து மணலில் வைத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் நெத்திலியை அள்ளி அள்ளி அதில் போட்டாள். வெள்ளிக்கிழமையும் பட்டுப் புடவையும் எங்கே போயினவோ. ஒரு மீன் விடவில்லை. மணலில் தெறித்து ஓடிய ஒன்றைக்கூடத் துரத்திப் பிடித்துப் போட்டாள்.

“எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது.” அழுகையில் வார்த்தை உடைந்தது. “ஆனா தெரியாததுனால மட்டும் சொல்லல. அப்பா சொல்லச் சொல்லல. நானாதான் சொன்னேன். நாலு பேரு பாக்கறாங்களேன்னு சொன்னேன்.”

“தெரியும்” என்றாள் முனியம்மா. “உங்க நைனா உள்ளார இருமிகினு இருந்தாரு. வாயத் தொறந்தது நீதான்.” குனிந்தவள் நிமிரவில்லை, அவளும் எதிரே உட்கார்ந்துவிட்டாள். “மீன வேணாம்னியே, அதுகூட நான் மறந்துட்டேன். புள்ளத்தாச்சி, வாடை புடிக்கலன்னு வச்சிகினேன். கூடை முப்பது கிலோ. இறக்க ஒரு கை வேணும், தனியா இறக்க முடியாது. அவ்ளோ பொம்பளைங்க நின்னாங்க, ஒருத்தி கை நீட்டல. உங்கண்ணன் கை நீட்டுனாரு, நான்தான் வேணாம்னேன். அந்த வூட்டு ஆளு ஒருத்தர் வந்து இறக்கட்டும்னு நின்னேன். பஸ் ஸ்டாண்டு வரிக்கும் தலையிலயேதான் இருந்துது. கழுத்து பத்து நாளு திரும்பல.”

இவ்வளவு நாளாகச் சுஜாதா அந்தக் காட்சியை ஆயிரம் தடவை நினைத்திருக்கிறாள். ஒரு தடவைகூட அந்தக் கூடையின் கனத்தை நினைத்ததில்லை. கையிலிருந்த மீனைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

முனியம்மா கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு, “சரி, வெள்ளிக்கிழம மீன் துன்ன மாட்டியே, இத்த இன்னா பண்ணப் போற?” என்றாள்.

சுஜாதா மூக்கை உறிஞ்சினாள். “நாளைக்கு சனிக்கிழமதானே. ஐஸ் கெடைக்குமா?”

யாரோ முதலில் சிரித்தார்கள், சதாசிவமாக இருக்கலாம். பிறகு கரை முழுக்கச் சிரித்தது. ஐஸ் வண்டி ஓட்டியவரின் தங்கை ஐஸ் கேட்கிறாள் என்று சீனு எல்லாருக்கும் எடுத்துச் சொல்லி இன்னொரு ரவுண்டு சிரிக்க வைத்தார். ஜெகதீசன் மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

முனியம்மா சிரித்தாளா என்று சுஜாதாவுக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து போய்த் தன் பங்கு மீனை அன்னக்கூடையில் கொட்டி, மேலே ஐஸ் போட்டு, தலையில் சும்மாடு கூட்டினாள். கூடையைத் தூக்கிவிட அண்ணன் போனார். கல்யாணத்துக்கு வருவதாக அவள் இன்னும் சொல்லவில்லை. சுஜாதா மீன் தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். மூவரும் மணலில் நடந்தார்கள்.

வீட்டு வாசல் வந்தது. அண்ணன் கதவைத் திறந்தார். முனியம்மா உள்ளே போகவில்லை. கூடையோடு வாசல்படிக்கு எதிரே நின்றாள். ஐஸ் தண்ணீர் நெற்றியில் வழிந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை, சும்மா நின்றாள். அண்ணன் கையை நீட்டப் போனார்.

“நீ இரு அண்ணா” என்றாள் சுஜாதா.

தாம்பாளத்தைப் படியில் வைத்தாள். முனியம்மாவுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் உயர்த்திக் கூடையின் விளிம்பைப் பிடித்தாள். நல்ல கனம். கயிறு அறுத்த உள்ளங்கை எரிந்தது. இரண்டு பேர் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. இருவரும் சேர்ந்து மெதுவாகக் குனிந்து, ஒரு மீன் சிந்தாமல், கூடையைத் தரையில் இறக்கினார்கள்.

முனியம்மா கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு முறை திருப்பினாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “பத்திரிகைய எடு” என்றாள்.

தாம்பாளத்தில் மீனுக்கு அடியில் கிடந்தது பத்திரிகை. நனைந்து, செதில் ஒட்டி, மஞ்சள் கரைந்திருந்தது. முனியம்மா அதை உதறி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். தாய்மாமன் என்று போட்ட இடத்தில் அவள் விரல் நின்றது. ஜெகதீசன், முனியம்மா என்று இரண்டு பெயரும் அச்சாகியிருந்தன.

“நான் வருவேன்னு யாரு சொன்னா உனக்கு? அதுக்குள்ள அடிச்சிட்ட?”

“வரலன்னா அறுநூறு பத்திரிகையும் வேஸ்ட்டு அண்ணி.”

முனியம்மா பத்திரிகையை வெயில் படுகிற இடத்தில் காயவைத்தாள். காற்றில் பறக்காமல் மேலே வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை வைத்தாள்.

“பங்குனியில வஞ்சிரம் கெடைக்கும். கூடையோடதான் வருவேன்” என்றாள். “வாசல்ல நீதான் நிக்கணும். வேற எவ கை வச்சாலும் இறக்க மாட்டேன்.”

“நான்தான் நிப்பேன் அண்ணி. விடிகாலையிலேருந்து நிப்பேன்.”

“நிக்கற ஆளப் பாரு. போய்க் கையக் கழுவு. வெள்ளிக்கிழமைன்னு பட்டினி கெடக்காத, சாம்பார் வைக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே முனியம்மா உள்ளே போனாள். அண்ணன் சீனுவின் கடையிலிருந்து அரிசிப் பையை எடுத்துவரக் கிளம்பினார். அவர் தெருமுனை தாண்டும்வரை பார்த்துவிட்டு, சுஜாதா போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். கையில் மீன் வாடை அடித்தது. வயிற்றை ஒன்றும் புரட்டவில்லை.